ஆட்டிசம் என்று தெரிந்த பிறகு கணவனும் மனைவியும்: ஒரு தாயின் கேள்விக்குப் பதில்

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மகனுக்கு மூன்றரை வயது. ஆறு மாதத்துக்கு முன் ஆட்டிசம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அம்மா வேலையை விட்டுவிட்டுத் தெரபிக்கு அலைகிறார். அப்பா வீட்டுக்கு வரவே இரவு பத்து மணி ஆகிறது. அத்தை மகனைத்தான் கட்டியிருக்கிறார், அதனால் மாமியாரும் அத்தையேதான். "எங்களுக்குள் பேச்சே குறைந்துவிட்டது. இப்படிக் குழந்தை இருக்கும் வீடுகளில் 80 சதவீதம் பேர் விவாகரத்து வரை போகிறார்கள் என்று படித்தேன். எங்கள் கதியும் அதுதானா? இதற்கு நடுவில் அத்தை, இன்னொன்று பெத்துக்கோ என்கிறார்" என்று கேட்டிருக்கிறார்.

அந்த 80 சதவீதத்தை முதலில் தூக்கிப் போடுங்கள். அதற்குப் பின்னால் எந்த ஆய்வும் இல்லை. யாரோ சொல்லி, பத்துப் பேர் திருப்பிச் சொல்லி நிலைத்துவிட்ட எண் அது. அமெரிக்காவில் இதை ஒழுங்காகக் கணக்கெடுத்திருக்கிறார்கள். 2007-ல் எடுத்த தேசியக் குழந்தைநலக் கணக்கெடுப்பை வைத்து 2012-ல் ஒரு ஆய்வு வந்தது. ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் 64 சதவீதம் பேர் அம்மா அப்பா இருவரும் சேர்ந்து வாழும் வீட்டில் இருந்தார்கள். மற்ற குழந்தைகளில் 65 சதவீதம். வித்தியாசம் என்று சொல்லவே எதுவும் இல்லை. ஆனால் 2010-ல் வந்த இன்னொரு ஆய்வு வேறு மாதிரி சொன்னது. அதில் எடுத்துக்கொண்டது வளர்ந்த பிள்ளைகளின் பெற்றோரை. 391 குடும்பங்களில் 23.5 சதவீதம் விவாகரத்து ஆகியிருந்தது. ஒப்பிட்ட மற்ற குடும்பங்களில் அது 13.8. மற்ற வீடுகளில் பிள்ளைக்கு எட்டு வயது தாண்டியதும் பிரிவு குறைகிறது, ஆட்டிசம் உள்ள வீடுகளில் பிள்ளை பெரியவனான பிறகும் அது குறையவில்லை என்பதுதான் அந்த ஆய்வில் கவனிக்க வேண்டிய விஷயம். மற்றவர்களுக்குப் பிள்ளை வளர வளரக் கை ஓய்கிறது, இவர்களுக்கு ஓய்வதில்லை.

டவுன் சிண்ட்ரோம் (பிறவியிலேயே வந்து, அறிவு வளர்ச்சியை மெதுவாக்கும் நிலை) உள்ள குழந்தைகளின் பெற்றோரைப் பற்றி டென்னசி மாநிலத்துப் பதிவுகளை வைத்து 2007-ல் வந்த ஆய்வில் கணக்கு தலைகீழாக இருந்தது. அந்த வீடுகளில் 7.6 சதவீதம், குறைபாடு இல்லாத குழந்தைகளின் வீடுகளில் 11.2. அப்படிப் பிரிந்தவர்களிலும் கணிசமானவர்கள் குழந்தைக்கு இரண்டு வயது ஆகும் முன்பே பிரிந்துவிட்டார்கள். ஆக, 'ஊனமுள்ள குழந்தை பிறந்தால் குடும்பம் உடையும்' என்று பொதுவாக ஒரு விதி இல்லை. குழந்தைக்கு என்ன பிரச்சினை, அது எப்போது தெரிந்தது, வீட்டில் கை கொடுக்க எத்தனை பேர் என்பதைப் பொறுத்து எல்லாம் மாறுகிறது.

இதெல்லாம் அமெரிக்கக் கணக்கு, நம் ஊருக்கு அப்படியே பொருந்தாது. நம் ஊரில் கோர்ட் படி ஏறாமலே பிரிந்தவர்கள்தான் அதிகம். பிரசவத்துக்குப் போனவள் குழந்தையின் பிரச்சினை தெரிந்ததும் அம்மா வீட்டிலேயே தங்கிவிடுவாள். தெரபிக்காகத் தாயும் பிள்ளையும் சென்னையில் ஒரு சின்ன வாடகை வீட்டில் இருப்பார்கள், அப்பா தேனியிலோ திருவாரூரிலோ கடையைப் பார்த்துக்கொண்டு மாதம் ஒரு முறை வருவார். சிலர் துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ போய்விடுவார்கள். காரணம் கேட்டால் செலவுக்குப் பணம் வேண்டும் என்பார்கள். அதில் உண்மையும் உண்டு, ஆனால் அது மட்டுமே உண்மை இல்லை. மிச்சப் பேர் ஒரே வீட்டில்தான் இருப்பார்கள்: அம்மாவும் பிள்ளையும் உள் அறையில், அப்பா ஹாலில். இதை எந்தக் கணக்கெடுப்பும் எண்ணுவதில்லை. நீங்கள் பயப்பட வேண்டியது விவாகரத்தைவிட இந்த ஏற்பாட்டுக்குத்தான்.

சிறப்புக் குழந்தைகளின் பெற்றோரோடு பேசுவதே என் வேலை. அவர்களைப் பிரிப்பது குழந்தையின் குறை என்று எனக்குத் தோன்றியதில்லை. குழந்தையைத் தெரிந்தவர் ஒருவர், தெரியாதவர் இன்னொருவர் என்று வீடு இரண்டாகிவிடுகிறது, அங்கேதான் விரிசல் தொடங்குகிறது.

இது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். சந்தேகம் முதலில் அம்மாவுக்குத்தான் வரும். பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, கண்ணைப் பார்ப்பதில்லை என்று அவள்தான் கவனிப்பாள். "அவங்க அப்பனும் நாலு வயசுலதான் பேசினான்" என்று பாட்டி சொல்வார். அப்பாவுக்கு அது பெரிய ஆறுதல், அதைப் பிடித்துக்கொள்வார். டாக்டர் உறுதியாகச் சொன்ன பிறகும், அம்மா அழுது முடித்துத் தெரபி சென்டர் தேடிக்கொண்டிருக்கும்போது அப்பா 'இன்னொரு டாக்டரைப் பார்க்கலாம்' என்ற இடத்திலேயே நிற்பார். அப்புறம் அம்மா வேலையை விடுகிறாள். தினமும் ஸ்பீச் (பேச்சுப் பயிற்சி), ஓ.டி. (அன்றாடச் செயல்களுக்கான பயிற்சி), ஸ்பெஷல் எஜுகேட்டர் (சிறப்புக் கல்வி ஆசிரியர்). ஆறே மாதத்தில் பாதித் தெரபிஸ்ட் ஆகிவிடுகிறாள். குக்கர் விசில் அடித்தால் ஏன் காதைப் பொத்துகிறான், எந்தச் சட்டையின் லேபிள் உறுத்துகிறது, எந்த அழுகைக்கு விலக வேண்டும், எந்த அழுகைக்கு இறுக்கி அணைக்க வேண்டும் எல்லாம் அவளுக்கு அத்துப்படி. அப்பாவுக்கு இதில் ஒன்றுமே தெரியாது. ஞாயிற்றுக்கிழமை ஆசையாகத் தூக்குவார், பிள்ளை கத்துவான். "விடுங்க, உங்களுக்குத் தெரியாது" என்று அம்மா வாங்கிக்கொள்வாள்.

அந்த ஒரு வாக்கியத்தைக் கவனியுங்கள். அவள் சொல்வது உண்மைதான், அவருக்குத் தெரியாதுதான். ஆனால் அதைப் பத்துத் தடவை கேட்ட மனிதர் பதினொன்றாம் தடவை பிள்ளையைத் தூக்க மாட்டார். பணம் கொடுப்பது ஒன்றுதான் தன் வேலை என்று ஒதுங்கிக்கொள்வார். பணம் மட்டும் கொடுப்பவர் ஒரு நாள் "இவ்வளவு செலவு பண்றோமே, என்ன தேறியிருக்கான்?" என்று முதலாளி மேனேஜரைக் கேட்பதுபோலக் கேட்பார். அன்றைக்கு வெடிக்கும் சண்டை மேலுக்குப் பணச் சண்டை மாதிரி இருக்கும்.

இதற்காக அம்மாக்கள் மேல் பழியைப் போடுகிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒதுங்கிக்கொள்ளும் வசதி ஆண்களுக்கு நம் வீடுகளில் தாராளமாகவே உண்டு, பலர் சந்தோஷமாக அதை எடுத்துக்கொள்கிறார்கள். அரசாங்கமே அப்படித்தான் நினைக்கிறது. மத்திய அரசில் வேலை பார்க்கும் பெண்களுக்குக் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு 730 நாள் உண்டு. பிள்ளைக்கு 18 வயதுக்குள் எடுத்துவிட வேண்டும் என்ற கட்டுப்பாடு மாற்றுத்திறன் உள்ள பிள்ளை என்றால் கிடையாது. ஆண்களுக்கு? 2018-ல்தான் கொடுத்தார்கள், அதுவும் மனைவி இல்லாமல் தனியாகப் பிள்ளை வளர்க்கும் ஆண்களுக்கு மட்டும். இந்த விடுப்பைப் பற்றிய இமாச்சலப் பிரதேச வழக்கு ஒன்றில் 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் நல்ல வார்த்தைகள் சொன்னது, அங்கேயும் பேச்சு தாய்மார்களைப் பற்றித்தான். மனைவி வீட்டில் இருந்தால் அப்பாவுக்கு வேலை இல்லை என்பதுதான் கணக்கு.

அப்பாவைத் திரும்ப உள்ளே கொண்டுவருவது எப்படி? 'உட்கார்ந்து மனசு விட்டுப் பேசுங்கள்' என்று நான் முதலில் சொல்வதில்லை. இரவு பத்து மணிக்குக் களைத்து வருபவரும், பகல் முழுக்கப் பிள்ளையின் பின்னால் ஓடியவரும் மனசு விட்டுப் பேசினால் சண்டைதான் வரும். வாரத்தில் ஒரு அரை நாள், பிள்ளையை அவரிடம் விட்டுவிட்டு நீங்கள் வீட்டை விட்டு வெளியே போய்விடுங்கள். வீட்டுக்குள்ளேயே இருந்தால் கத்தல் கேட்டதும் ஓடி வந்துவிடுவீர்கள். முதல் வாரம் பிள்ளை சாப்பிடாமல் இருக்கலாம், வீடு போர்க்களமாக இருக்கலாம். நாலைந்து வாரத்தில் அவர் தனக்கென்று ஒரு வழி கண்டுபிடித்துவிடுவார். அது உங்கள் வழியாக இருக்காது. பைக் டேங்கில் உட்காரவைத்துத் தெருவை மூன்று சுற்றுச் சுற்றினால் பிள்ளை அமைதியாகிறான் என்று கண்டுபிடித்த அப்பாவை எனக்குத் தெரியும். தெரபிஸ்ட் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார், நானும் ஹெல்மெட் பற்றி நாலு வார்த்தை சொன்னேன். ஆனால் பிள்ளையைப் பற்றி மனைவிக்குத் தெரியாத ஒன்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அதற்கப்புறம்தான் அந்த வீட்டில் இரண்டு பேரும் சரிசமமாக உட்கார்ந்து பேச முடிந்தது.

தெரபிக்கும் மாதத்தில் ஒரு தடவையாவது அவரை உள்ளே உட்காரவையுங்கள். வெளியே பெஞ்சில் போன் பார்த்துக்கொண்டு இருப்பது கணக்கில் சேராது. வேலூர் சி.எம்.சி. மனநலத் துறையின் நம்பிக்கை நிலையத்தில் பெற்றோரும் பிள்ளையோடு தங்கிப் பயிற்சி எடுக்கும் முறை இருக்கிறது. தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம், கிராமங்களில் வீடு தேடிப் போயே சிறு குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறது. இந்த மாதிரி ஏற்பாடுகளை நான் உசத்தியாகச் சொல்வதற்குக் காரணம், பாட்டி, தாத்தா, அப்பா எல்லோரும் பயிற்சியை நேரில் பார்க்கிறார்கள். 'தெரபி சென்டர்ல சும்மா விளையாட விட்டுக் காசு வாங்குறான்' என்ற பேச்சு தானாக நின்றுவிடும்.

குழந்தையைத் தொடவே தயங்கும் அப்பாக்களுக்குக் காகித வேலை நல்ல தொடக்கம். மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் பராமரிப்பு உதவித்தொகைக்கு மனு, மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை தரும் நிராமயா மருத்துவக் காப்பீடு (ஆட்டிசத்துக்கு உண்டு, வருடத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை) எல்லாவற்றையும் அவரிடம் விடுங்கள். மத்திய அரசு வேலை என்றால், இப்படிப் பிள்ளையைப் பராமரிப்பவருக்கு வழக்கமான இடமாற்றத்திலிருந்து விலக்குக் கேட்க 2014-ஆம் வருட ஆணை ஒன்று இருக்கிறது. ஆனால் காகிதத்தோடு நின்றுவிடக் கூடாது. பைல் எல்லாம் பக்காவாக வைத்திருந்து, பிள்ளைக்கு எந்த டம்ளரில் கொடுத்தால் பால் குடிப்பான் என்று தெரியாத அப்பாக்களும் இருக்கிறார்கள்.

இனி பழி. உங்கள் வீட்டில் இது கொஞ்சம் சிக்கலானது. தமிழ்நாட்டில் நடக்கும் கல்யாணங்களில் 28 சதவீதம் சொந்தத்துக்குள் என்று 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. அந்நியத்தில் கட்டியிருந்தால் 'உங்க பரம்பரையில யாருக்கோ இருந்திருக்கு' என்று இரண்டு குடும்பமும் மாறி மாறிச் சொல்லிக்கொள்ளும். அத்தை மகன், தாய்மாமன் என்று கட்டிய வீட்டில் பரம்பரையே ஒன்று. அங்கே சண்டை 'யார் இந்தக் கல்யாணத்தைப் பேசினது' என்று திரும்பும். உங்கள் அப்பாவும் உங்கள் மாமியாரும் கூடப்பிறந்தவர்கள். அவர்களுக்குள் குற்ற உணர்ச்சி இருக்கும், அது கோபமாகத்தான் வெளியே வரும். சொந்தத்தில் கட்டியவளுக்கு ஆதரவு அதிகம் என்பார்கள். பல வீடுகளில் அது உண்மை. ஆனால் சண்டை என்று வந்தால் அழப் போவதற்கு வேறு வீடு அவளுக்கு இல்லை.

மருத்துவம் என்ன சொல்கிறது என்று இருவரும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். அத்தை மகன், மாமன் மகள் கல்யாணத்தில் பிறவிக் குறைபாட்டுக்கான வாய்ப்பு மற்றவர்களைவிட 2, 3 சதவீதம் கூடுகிறது. இல்லை என்று சொல்ல முடியாது, ஆனால் ஊர் பயமுறுத்தும் அளவுக்கு இல்லை. டவுன் சிண்ட்ரோம் பெரும்பாலும் கருமுட்டை உருவாகும்போது 21-ஆம் குரோமோசோம் ஒன்று தற்செயலாகக் கூடுவதால் வருவது, அதற்கும் சொந்தத்துக்கும் சம்பந்தமில்லை. மூளை முடக்குவாதம் குறைமாதம், பிரசவத்தில் மூச்சுத்திணறல், கடுமையான மஞ்சள் காமாலை போன்றவற்றால் வருகிறது. ஆட்டிசத்தில் மரபணுக்களுக்குப் பெரிய பங்கு உண்டு, ஆனால் அதில் சேரும் மரபணுக்கள் நிறைய. ஒருவரைக் காட்டி 'இவர்தான்' என்று சொல்ல முடிவது குறைவு.

அம்மா வேலைக்குப் போனதால் வந்தது, போன் கொடுத்ததால் வந்தது, கர்ப்பத்தில் கிரகணத்தன்று வெளியே போனதால் வந்தது என்பதெல்லாம் வெறும் பேச்சு. அம்மாக்கள் மேல் பழி போடுவதில் படித்தவர்களும் சளைத்தவர்கள் இல்லை. தாய் பாசமாக இல்லாததால்தான் ஆட்டிசம் வருகிறது என்று போன நூற்றாண்டின் நடுவில் மனநல மருத்துவர்களே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதை 1964-ல் உடைத்தவர் பெர்னார்ட் ரிம்லண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர், அவரே ஆட்டிசம் உள்ள ஒரு பையனின் அப்பா. உங்கள் கணவர் இந்த விஷயத்தில் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது: தன் அம்மாவிடம் அவரே போய் "டாக்டர்கிட்ட கேட்டுட்டேன்மா, இதுல யார் தப்பும் இல்ல, இனிமே இந்தப் பேச்சு வேண்டாம்" என்று சொல்வது. மனைவி சொன்னால் அது வாய்த் துடுக்கு ஆகிவிடும். மகன் சொன்னால் நிற்கும்.

பணத்தைப் பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. சீக்கிரமே யாராவது 'ஸ்டெம் செல் (வேறு செல்களாக வளரக்கூடிய மூலச் செல்) போட்டால் சரியாகிவிடும்' என்று லட்சக்கணக்கில் ஒரு தொகை சொல்வார்கள். ஆட்டிசத்துக்கு அதைப் பரிந்துரைக்க முடியாது, அப்படி விளம்பரப்படுத்துவதே தொழில் ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் சொல்லியிருக்கிறது. ஒருவர் நகையை விற்றாவது செய்யலாம் என்று நிற்க, இன்னொருவர் மறுக்க, 'உனக்குப் பிள்ளை மேல பாசம் இல்ல' என்ற வார்த்தை வந்துவிடும். அந்த வார்த்தையை எந்தத் தெரபியாலும் திருப்பி எடுக்க முடியாது. குறிப்பிட்ட தொகைக்கு மேல் எந்தச் சிகிச்சைக்கும், குழந்தையைப் பார்க்கும் டாக்டரை இருவரும் சேர்ந்து போய்க் கேட்காமல் பணம் கட்டுவதில்லை என்று இப்போதே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

பேச்சு குறைந்ததற்குத் தூக்கமும் ஒரு காரணமாக இருக்கலாம். உங்கள் பிள்ளை எத்தனை மணிக்குத் தூங்குகிறான் என்று நீங்கள் எழுதவில்லை. ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் பலருக்குத் தூக்கப் பிரச்சினை உண்டு. இரவு இரண்டு மணிக்கு எழுந்து ஹாலில் ஓடும் பிள்ளையை வருடக்கணக்கில் ஒருவரே பார்த்தால் எந்தத் தாம்பத்தியம் நடக்கும்? 'என்மேல இப்ப விருப்பம் இல்ல போல' என்று இவர் நினைப்பார், 'கொஞ்ச நேரம் கண்ணை மூட விட்டால் போதும்' என்று அவள் நினைப்பாள். தூக்கத்துக்கு வைத்தியம் இருக்கிறது, டாக்டரிடம் வெட்கப்படாமல் கேளுங்கள். அதுவரை இரவை முறை போட்டுக்கொள்ளுங்கள்.

கல்யாணம், வளைகாப்பு, கிரகப்பிரவேசம் எல்லாவற்றுக்கும் 'நீ அவனைப் பார்த்துக்கோ, நான் தலையைக் காட்டிட்டு வரேன்' என்று அவர் மட்டும் போவது இன்னும் தொடங்கவில்லை என்றால், தொடங்கவிடாதீர்கள். ஒன்றுக்கு அவர் போனால் அடுத்ததற்கு நீங்கள் போங்கள், அவர் பிள்ளையோடு வீட்டில் இருக்கட்டும். முடிந்தால் மூவருமாகப் போய், பந்தி தொடங்கும் முன்பே சாப்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். மண்டபத்தில் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள்தான்.

இதையெல்லாம் செய்தும் சரியாகாத வீடுகளும் உண்டு. அடி, குடி, பிள்ளையை அசிங்கமாகப் பேசுவது என்று இருந்தால் 'குழந்தைக்காகப் பொறுத்துக்கோ' என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. உங்கள் வீட்டில் அப்படி எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை, ஆனாலும் சட்டம் தெரிந்திருப்பது நல்லது. பொதுவாகப் பிள்ளைக்கு 18 வயது வரைதான் ஜீவனாம்சம். உடலாலோ மனதாலோ தன்னைப் பராமரித்துக்கொள்ள முடியாத பிள்ளை என்றால் 18-க்குப் பிறகும் கேட்கலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவு இது, 2024 ஜூலை முதல் வந்த புதிய சட்டத்தில் 144.

கடைசியாக, அத்தை சொல்லும் இரண்டாவது குழந்தை. 'நமக்கப்புறம் அவனைப் பார்த்துக்க ஒரு ஆள் வேணும்ல' என்பதுதான் அவர் சொல்லும் காரணமாக இருக்கும். இன்னும் பிறக்காத ஒரு பிள்ளைக்கு இப்போதே வேலை ஒதுக்குவது எனக்குப் பிடிக்கவில்லை, அது என் கருத்து. 18 வயதுக்குப் பிறகு சட்டப்படி காப்பாளர் நியமிக்க 1999-ஆம் வருடத் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் வழி இருக்கிறது, ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆட்சியர் தலைமையில் அதற்கென்று குழுவே உண்டு. மருத்துவ உண்மை என்னவென்றால், மூத்த குழந்தைக்கு ஆட்டிசம் இருந்தால் அடுத்த குழந்தைக்கும் வருவதற்கான வாய்ப்பு ஏறக்குறைய ஐந்தில் ஒன்று என்று பெரிய ஆய்வுகள் சொல்கின்றன. ஐந்தில் நான்கு வராது என்றும் அதைப் படிக்கலாம். எது பெரிதாகத் தெரிகிறது என்பது வீட்டுக்கு வீடு, ஆளுக்கு ஆள் மாறும். உங்களுக்கும் அவருக்கும்கூட மாறலாம். சொந்தக் கல்யாணம் என்பதால் முடிவு எடுக்கும் முன் இருவருமாக ஒரு மரபணு ஆலோசகரைப் பாருங்கள், பெரிய ஆஸ்பத்திரிகளில் இருக்கிறார்கள். மகனின் ரிப்போர்ட்டுகளை எல்லாம் எடுத்துப் போங்கள். அன்றைக்குப் பிள்ளையை அத்தையிடம் விட்டுவிட்டுப் போங்கள், அவரும் ஒரு பகல் பார்த்துக்கொள்ளட்டும்.